ஏர்லிஊம்: 4 ஜிபி மடிக்கணினியில் எட்டு மாதம்

மடிக்கணினி உறைந்துவிட்டதா, இல்லை யோசித்துக்கொண்டிருக்கிறதா என்று கண்டுபிடிக்க நான் வைத்திருந்த சோதனை, கேப்ஸ் லாக் விசை. அழுத்தினால் பக்கத்தில் இருக்கும் சின்ன விளக்கு எரிய வேண்டும். எரிந்தால் உயிர் இருக்கிறது. எரியாவிட்டால் எழுந்துபோய் அடுப்பில் பால் வைக்கலாம். ஒரு நாள் பால் காய்ச்சி, காபி குடித்து, கொடியில் கிடந்த துணிகளை மடித்து வைத்துவிட்டு வந்து பார்த்தேன். விளக்கு எரியவில்லை. ஹார்ட் டிஸ்க் விளக்கு மட்டும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. நாற்பதாவது நிமிடத்தில் பொறுமை இழந்து பவர் பட்டனை அழுத்திப் பிடித்தேன். அன்று காலையிலிருந்து திருத்தியதில் ஆறு பக்கம் போயிற்று. ஏர்லிஊம் என்ற சிறு நிரல் என் கணினிக்கு வந்தது இதனால்தான்: நினைவகம் தீர்ந்துபோவதற்கு முன்பே ஒரு நிரலை மூடி, கணினி உறையாமல் காப்பது அதன் வேலை.

ஆறு பக்கம்தானே என்று நினைக்க வேண்டாம். நான் கும்பகோணத்தில் வீட்டிலிருந்தபடி பழைய தமிழ் நூல்களை மின்னூலாக்கும் வேலை செய்கிறேன். புத்தகத்தை வருடி, டெசராக்ட் நிரலைக் கொண்டு எழுத்துகளைப் பிரித்தெடுத்து, லிப்ரே ஆபிஸில் வைத்து மெய்ப்புப் பார்க்க வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல் என்றால் ணா, றா, னா எல்லாம் பழைய சுழியோடு இருக்கும்; லையும் ணையும் துதிக்கை தூக்கி நிற்கும். டெசராக்ட் அந்தத் துதிக்கையைப் பார்த்தால் தடுமாறிப்போகும். ஒரு பக்கத்தைச் சரிசெய்யப் பத்து நிமிடம் ஆகும். ஆறு பக்கம் என்பது ஒரு மணி நேரம், அதோடு என் கழுத்து வலி.

இயந்திரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய சாமான் கடையில் வாங்கிய மடிக்கணினி. ரேம் 4 ஜிபி. இரண்டாவது ரேம் செருகுமிடம் வேலை செய்யாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கடைக்காரர் "வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும், அம்மா" என்றார். ஒரு வகையில் அவர் சொன்னதும் சரிதான். சுழலும் ஹார்ட் டிஸ்க் 500 ஜிபி. அதில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம், எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளம், 4 ஜிபி ஸ்வாப் பகுதி (ரேமில் இடம் போதாதபோது வட்டில் ஒதுக்கிவைத்த உபரி இடம்). இந்த ஸ்வாப் பின்னால் கதையில் வில்லனாக வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நினைவகம் எங்கே போகிறது என்பதற்கு ஒரே கணக்கு போதும். ஏ4 தாளை அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் வண்ணத்தில் வருடினால் 4,960 க்கு 7,016 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு மூன்று பைட். விரித்து வைத்தால் ஒரே பக்கம் ஏறத்தாழ 104 எம்பி. கறை நீக்குவதற்குக் கிம்ப் என்ற படத் திருத்தியில் இரண்டு அடுக்கு போட்டு, நான்கு முறை செய்ததை மீட்டால் அந்தப் பக்கம் எவ்வளவு பிடிக்கும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். பின்னணியில் நான்கு டெசராக்ட் ஓடும். ஃபயர்பாக்ஸில் அகராதி, விக்கிமூலம், வேண்டாத பத்து டேப். இதெல்லாம் 4 ஜிபிக்குள்.

என் அக்கா மகன் பெங்களூரில் கணினித் துறையில் இருக்கிறான். தொலைபேசியில் கதறினேன்.

"சித்தி, பவர் பட்டனில் கை வைக்காதீர்கள். ஆல்ட் விசையையும் சிஸ்ரிக்யூ விசையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எஃப்பை அழுத்துங்கள். நினைவகத்தை அதிகம் தின்கிற நிரலைக் கெர்னலே, அதாவது இயங்குதளத்தின் மையமே, கொன்றுவிடும்."

அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அவனே தேடிப்பார்த்துச் சொன்னான்: டெபியனில் அந்த விசைகளுக்குத் தந்திருக்கும் அனுமதிகளின் எண்களை எல்லாம் கூட்டினால் 438. நிரல்களைக் கொல்லும் அனுமதிக்கான எண் 64. அது 438-இல் சேரவில்லை. 502 ஆக்கினால்தான் சேரும். உயிர்காக்கும் விசைக்குப் பூட்டுப் போட்டுத் தந்திருக்கிறார்கள், பாதுகாப்புக் கருதித்தான். அதை மாற்றித் தருவதாகச் சொன்னவன், "அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. நீங்கள் விசையைத் தேடுவதற்குள் அதுவே செய்துவிடும்" என்று ஏர்லிஊமை நிறுவச் சொன்னான்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நினைவகம் தீர்ந்துபோவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் ஓ, ஓ, எம். தனித்தனியாக உச்சரிப்பவர்களும் உண்டு. எனக்கு அது ஊம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு "ஊம், கிளம்பு" என்று சொல்வார்களே, அந்த ஊம். இந்த நிரல் செய்கிற வேலையும் அதுதான்.

லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே ஒரு கொலையாளி இருக்கும்போது வெளியிலிருந்து இன்னொன்று எதற்கு? இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கல்யாண மண்டபம்தான் உதவியது. 300 பேர் உட்காரும் பந்திக்கு ஆயிரம் பத்திரிகை அடிக்கிறோம். எல்லாரும் ஒரே நேரத்தில் இலை முன்னால் உட்கார மாட்டார்கள் என்ற நம்பிக்கை. கெர்னலும் அப்படித்தான். நிரல்கள் கேட்கும் நினைவகத்தை எல்லாம் "தருகிறேன்" என்று ஒப்புக்கொள்கிறது, கேட்டவர்கள் முழுவதையும் பயன்படுத்த மாட்டார்கள் என்று. பெரும்பாலும் அந்தக் கணக்கு பலிக்கும். ஒரு நாள் எல்லாரும் ஒரே பந்திக்கு வந்துவிட்டால்?

கெர்னல் யாரையும் வெளியே அனுப்பாது. முதலில், சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் இலையை இழுத்து நிற்பவருக்குப் போடும். இலை போனவர் கத்தினால் இன்னொருவரின் இலையை இழுத்து அவருக்குத் தரும். நினைவகத்தில் உள்ளவற்றை ஸ்வாப்புக்குத் தள்ளுவதும் திரும்ப எடுப்பதும் இதுதான். ஸ்வாப்பே இல்லாவிட்டால் இந்தத் தொல்லை இருக்காது என்று நினைத்திருந்தேன், அது தவறு. ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் குறிமுறை வட்டில் கோப்பாக இருக்கிறது அல்லவா, அதனால் "வேண்டும்போது திரும்பப் படித்துக்கொள்ளலாம்" என்று அதையும் நினைவகத்திலிருந்து கழற்றிவிடும். அடுத்த நொடியே அது வேண்டியிருக்கும். மறுபடி வட்டிலிருந்து படிக்கும். சுட்டி அம்புக்குறியை நகர்த்தும் நிரலுக்கும் இதே கதி. மண்டபமே இலையைப் பறிப்பதிலும் போடுவதிலும் மூழ்கியிருக்க, ஒருவர் வாயிலும் ஒரு பருக்கை போகாது. ஆனால் கெர்னலின் கணக்கில் "இன்னும் இலை கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது". எதைப் பறித்தும் ஒன்றும் தேறவில்லை என்ற நிலை வந்தால்தான் அதன் கொலையாளி எழுந்து வரும். என் வீட்டில் அது வருவதற்குள் துணி மடித்தாகிவிடும்.

இது என் பழைய பெட்டியின் கோளாறு மட்டுமல்ல. 2019 ஆகஸ்டில் லினக்ஸ் கெர்னல் உருவாக்குநர்களுக்கு ஒரு பயனர் இதையே எழுதினார்: 4 ஜிபி ரேமோடு, ஸ்வாப்பை அணைத்துவிட்டு இயக்குங்கள், உலாவியில் டேப்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போங்கள், என்ன நடக்கிறது என்று பாருங்கள் என்று. பெரிய விவாதம் கிளம்பியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் வந்த, ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸின் 32-ஆம் பணிநிலையப் பதிப்பில் ஏர்லிஊம் இயல்பாகவே இயங்கும்படி வந்துவிட்டது. டெபியனில் நாமாக நிறுவிக்கொள்ள வேண்டும். ஒரே கட்டளை, நிறுவி முடிந்ததும் தானே ஓடத் தொடங்கிவிடுகிறது. விலை இல்லை. அதுவே பிடிக்கும் நினைவகம் சுமார் 2 எம்பி. அந்த 2 எம்பியையும் யாரும் ஸ்வாப்புக்குத் தள்ளிவிடாதபடி பூட்டி வைத்துக்கொள்கிறது. பந்தி மேற்பார்வையாளருக்கே இலை இல்லாமல் போனால் யார் பார்ப்பது?

வேலை செய்யும் முறை எளிமையானது, அதுதான் எனக்குப் பிடித்தது. நொடிக்குப் பத்து முறை வரை இரண்டு எண்களைப் பார்க்கிறது: கிடைக்கக்கூடிய நினைவகம் எத்தனை சதவீதம், ஸ்வாப்பில் காலி எத்தனை சதவீதம். இரண்டுமே 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், கெர்னல் ஒவ்வொரு நிரலுக்கும் போட்டுவைத்திருக்கும் 'கெட்ட மதிப்பெண்ணை'ப் பார்த்து, அதிகம் வாங்கியதற்கு சிக்டெர்ம் என்ற சமிக்ஞை அனுப்புகிறது. இது "மூட்டை கட்டிக்கொண்டு புறப்படு" என்று சொல்வது. கேட்கிற நிரல் திறந்த கோப்பை மூடிவிட்டுப் போகலாம். 5 சதவீதத்துக்கும் கீழே போனால் சிக்கில். அது கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது, பேச்சுக்கு இடமில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு நிம்மதியாக வேலையைத் தொடங்கினேன். நான்காம் நாள் மடிக்கணினி பதினொரு நிமிடம் உறைந்தது.

கோபத்தில் அக்கா மகனைக் கூப்பிட்டேன். அவன் கேட்ட முதல் கேள்வி: "ஸ்வாப் எவ்வளவு சித்தி?" 4 ஜிபி என்றேன். சிரித்தான். மேலே நான் எழுதியதில் "இரண்டுமே" என்ற சொல்லைக் கவனித்தீர்களா? நான் கவனிக்கவில்லை. நினைவகம் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் மட்டும் போதாது, ஸ்வாப்பும் 10 சதவீதத்துக்குக் கீழே போக வேண்டும். என் ஸ்வாப் சுழலும் வட்டில் 4 ஜிபி. அதில் மூன்றரை ஜிபிக்கு மேல் நிரம்பும்வரை ஏர்லிஊம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அதற்குள் மேலே சொன்ன இலைப் பறிப்பு முழுவதும் அரங்கேறிவிடும். நிரலின் மேல் குற்றமில்லை, ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் பெரிய ஸ்வாப்பும் மெதுவான வட்டும் உள்ள பழைய கணினிக்காரர்கள்தான் இதை அதிகம் தேடி வருவார்கள். அவர்களுக்கே இயல்பான அமைப்பு பொருந்தாமல் போவது ஒரு குறைதான். நான் மதிப்பெண் போட்டால் இதற்கு ஒன்றரை மதிப்பெண் குறைப்பேன்.

தீர்வு ஒரு வரியில் இருக்கிறது. நினைவக வரம்பை 8, ஸ்வாப் வரம்பை 60 என்று மாற்றினோம். அதாவது நினைவகம் 8 சதவீதத்துக்குக் கீழே போய், ஸ்வாப்பிலும் காலி இடம் 60 சதவீதம் அல்லது அதற்குக் குறைவாகிவிட்டால் வேலையைத் தொடங்கலாம். சிக்கில் வரம்பை நாம் தனியாகக் கொடுக்காவிட்டால் பாதியை எடுத்துக்கொள்ளும்: 4, 30. ஸ்வாப்பையே கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பவர்கள் அங்கே 100 போடலாம். காலி இடம் எப்போதும் 100 சதவீதத்துக்கு மேல் போகாது, ஆகவே அந்த நிபந்தனை எப்போதும் நிறைவேறியதாகிவிடும். நான் முதலில் 100தான் போட்டேன். இரண்டு நாளில் கொலைகள் அளவுக்கு மீறிப் போயின, 60-க்கு வந்தேன். என் கணினியில் 8 சதவீதம் என்பது ஏறக்குறைய 300 எம்பி. வருடிய மூன்று பக்கங்கள். வரம்பை நீங்களும் உங்கள் வேலையின் அளவில் வைத்து யோசியுங்கள், வெறும் சதவீதம் எதையும் சொல்லாது.

அதன் பிறகு முழு உறைவு என்பதை நான் பார்க்கவில்லை. நான்கைந்து நொடி இழுக்கும், பிறகு எதோ ஒன்று மறையும், வேலை தொடரும். மறைவது பெரும்பாலும் ஃபயர்பாக்ஸின் ஒரு டேப்தான். "இந்த டேப் செயலிழந்தது, மீட்டெடுக்கலாமா" என்ற பக்கம் தெரியும். அகராதிப் பக்கத்தை மீண்டும் திறப்பதில் எனக்கென்ன நஷ்டம்?

ஆனால் எதோ ஒன்று மறையும் என்றேனே, அந்த எதோ ஒன்று ஒரு முறை லிப்ரே ஆபிஸாக இருந்துவிட்டது. நடந்தது இது: நினைவகத்தை மிச்சப்படுத்தலாம் என்று உலாவியை நானே மூடிவைத்திருந்தேன். நல்லெண்ணம். விளைவு, அரங்கில் மிகப் பெரிய ஆள் லிப்ரே ஆபிஸ் ஆகிவிட்டது. படமும் எழுத்துமாக 312 பக்கம் ஏற்றி வைத்த ஆவணம். நான்கு டெசராக்ட் சேர்ந்து நெருக்கடி கொடுத்தன, தண்டனை குடும்பத்தலைவருக்கு. தானாகச் சேமிக்கும் இடைவெளி 10 நிமிடம் என்று இருந்ததால் ஒரு பக்கத் திருத்தம்தான் போனது. அன்றே அதை 3 நிமிடம் ஆக்கினேன்.

இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். "முதலில் இவர்களை அனுப்பு" என்று ஒரு பட்டியல், "இவர்களை முடிந்தவரை விட்டுவை" என்று ஒரு பட்டியல். முதல் பட்டியலில் இருந்தால் கெட்ட மதிப்பெண்ணோடு 300 கூடும். இரண்டாவதில் இருந்தால் 300 குறையும். இங்கேதான் எனக்கு இன்னொரு பாடம். பட்டியலில் 'லிப்ரே ஆபிஸ்' என்று எழுதினால் பலன் இல்லை. அந்த நிரல் கெர்னலிடம் பதிந்துவைத்திருக்கும் பெயர் 'எஸ்ஆபிஸ்.பின்'. ஃபயர்பாக்ஸ் டேப்களின் பெயர் இன்னும் வேடிக்கை. 'ஐசொலேட்டட் வெப் கன்டென்ட்' என்று முழுதாக எழுதியிருந்தேன், பிடிக்கவில்லை. கெர்னல் ஒரு நிரலின் பெயரில் முதல் 15 எழுத்தைத்தான் வைத்துக்கொள்ளும், மீதியை வெட்டிவிடும். அதன்படி அந்தப் பெயர் 'ஐசொலேட்டட் வெப் கோ' என்று நடுவில் அறுந்து நிற்கிறது. அப்படியே, அறுந்தபடியே எழுத வேண்டும். மெய்ப்புப் பார்ப்பவளான என்னால் ஒரு சொல்லை வேண்டுமென்றே பாதியில் வெட்டி எழுத முடிந்தது என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

இப்போது என் முதல் பட்டியலில் டெசராக்ட்டும் உலாவி டேப்களும் இருக்கின்றன. விட்டுவைக்கும் பட்டியலில் லிப்ரே ஆபிஸும் திரையை வரையும் எக்ஸ்ஆர்கும். எக்ஸ்ஆர்கைக் கொன்றால் அதன் மேல் நிற்கும் எல்லாமே விழும் என்று அக்கா மகன் மிரட்டியதால் சேர்த்தேன்.

டெசராக்ட்டை முதல் பலியாக நேர்ந்துவிட்டதில் ஒரு சிக்கல் வந்தது. இதை ஏர்லிஊம் கையேட்டில் எங்கும் எழுதியிருக்கவில்லை, எழுத வேண்டியதும் அவர்கள் அல்ல. இரவு படுக்கப் போகும்போது எக்ஸ்ஆர்க்ஸ் கட்டளையில், ஒரே நேரத்தில் நான்கு டெசராக்ட் என்ற கணக்கில், முழுப் புத்தகத்தையும் ஓடவிட்டுப் போவேன். காலையில் 312 எழுத்துக் கோப்புகள் தயாராக இருக்கும். ஒரு காலை எழுந்து பார்த்தால் 61 தான் இருந்தன. முனையத்தில், அதாவது கட்டளை தட்டும் சாளரத்தில், ஒரே வரி: டெசராக்ட் 15 என்ற சமிக்ஞையால் நிறுத்தப்பட்டது. 15 என்பது சிக்டெர்ம். ஒரு டெசராக்ட் தோற்றுப்போனால் எக்ஸ்ஆர்க்ஸ் அடுத்ததைத் தொடரும். ஆனால் ஒன்று சமிக்ஞையால் கொல்லப்பட்டால் அதுவே கடையைக் கட்டிவிடும், 125 என்ற முடிவெண்ணைச் சொல்லிவிட்டு. இரவு பதினொன்றரைக்குக் கடையை மூடிவிட்டது. நான் காலை ஐந்தரைவரை நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

இப்போது நான்குக்குப் பதிலாக இரண்டுதான் ஓடவிடுகிறேன். அதோடு, எழுத்துக் கோப்பு இல்லாத பக்கங்களையும், கோப்பு இருந்தும் உள்ளே காலியாக இருக்கும் பக்கங்களையும் மறுபடி எடுத்துக்கொள்ளும் ஒரு சிறு வளையம் எழுதிக்கொண்டேன். பாதியில் செத்த டெசராக்ட் காலிக் கோப்பு ஒன்றை விட்டுவிட்டுப் போகக்கூடும்; கோப்பு இருக்கிறதே என்று நம்பினால் புத்தகத்தில் ஒரு பக்கம் காணாமல் போகும். விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரியாத வேலையை ஏர்லிஊம் இருக்கும் கணினியில் இரவு முழுவதும் ஓடவிடாதீர்கள்.

நேர்மையான மதிப்புரை என்றால் போட்டியாளரையும் சொல்ல வேண்டும். சிஸ்டம்டி-ஊம்டி. இதன் பூர்வீகம் ஃபேஸ்புக். அங்கே சர்வர்களுக்காக எழுதிய ஊம்டியை 2018-இல் திறந்த மூலமாக்கினார்கள். அதை ஒட்டி, லினக்ஸில் சேவைகளை நடத்தும் மென்பொருளான சிஸ்டம்டியின் 247-ஆம் பதிப்பில், 2020 நவம்பரில், இது நுழைந்தது. ஃபெடோரா 34 வந்தபோது ஏர்லிஊம் இருந்த இடத்தில் இது அமர்ந்தது. உபுண்டு 22.04 மேசைக்கணினிப் பதிப்பிலும் இயல்பாகவே வந்தது. வந்த சில வாரங்களில், "நினைவகம் இருக்கும்போதே என் உலாவி திடீரென்று மறைகிறது" என்ற புகார்களும் வந்தன.

இதன் மூளை பெரியது. காலி எவ்வளவு என்பதை மட்டும் இது பார்ப்பதில்லை. நினைவகத்துக்காக நிரல்கள் எவ்வளவு நேரம் காத்துக்கிடக்கின்றன என்பதையும் பார்க்கிறது. 2018 டிசம்பரில் வந்த லினக்ஸ் 4.20 முதல் கெர்னலே இந்த அளவைத் தருகிறது: கடைசி 10 நொடியில், 60 நொடியில், 300 நொடியில் காத்திருப்பிலேயே கழிந்த நேரம் எத்தனை சதவீதம் என்று. பந்தியில் எத்தனை இலை மிச்சம் என்று எண்ணாமல், எத்தனை பேர் கை காய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது. நியாயப்படி இதுதான் சரியான அளவுகோல். என் பதினொரு நிமிட உறைவை ஏர்லிஊமின் இயல்பான அமைப்பு கவனிக்காமல் விட்டதற்குக் காரணமே அது இலையை மட்டும் எண்ணியதுதான்.

ஆசைப்பட்டு, ஏர்லிஊமை நிறுத்திவைத்துவிட்டு, இரண்டு வாரம் இதை ஓட்டினேன். அக்கா மகன் தொலைவிலிருந்து அமைத்துக்கொடுத்தான். ஸ்வாப் 90 சதவீதம் தாண்டினால் நடவடிக்கை எடுக்கலாம் என்பதும் அதில் ஒன்று. ஒன்பதாம் நாள், கிம்ப்பில் ஒரு பக்கத்தின் கறையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது திரை இருண்டது. அடுத்த நொடி, உள்நுழையும் திரை கடவுச்சொல் கேட்டு நின்றது. ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபிஸ், கிம்ப், முனையம் எதுவும் இல்லை. நினைவகம் மட்டும் தாராளமாகக் காலியாக இருந்தது.

காரணம் அந்த நிரலின் தவறல்ல, என் மேசைத்தளத்தோடு அதற்கு ஒத்துப்போகாததுதான். சிஸ்டம்டி-ஊம்டி தனி நிரலைக் கொல்வதில்லை. நிரல்களின் குழுவையே கொல்கிறது. ஒவ்வொரு செயலியையும் தனிக் குழுவில் வைக்கும் மேசைத்தளங்களில் இது அழகாக வேலை செய்யும்: உலாவி என்றால் அதன் குஞ்சு குளுவானோடு உலாவி மட்டும் போகும். என் எக்ஸ்எஃப்சிஇயில் நான் திறந்தது எல்லாம் ஒரே அமர்வு என்ற ஒரே குழுவில் கிடந்தது. ஒரே ஒரு மேசையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தால், "அந்த மேசையைக் காலி செய்" என்றால் மண்டபமே காலி. விலக்கு அளிக்க வழி இருக்கிறது, குழு பிரித்து நிரல்களைத் தொடங்கவும் வழி இருக்கிறது. அதை எல்லாம் செய்ய எனக்குத் தெம்பு இல்லை. க்னோம் மேசைத்தளம் வைத்திருப்பவர்கள், 16 ஜிபி ரேம் உள்ளவர்கள் அதையே வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பெரும்பாலும் அது இருப்பதே தெரியாது. நான் ஏர்லிஊமுக்குத் திரும்பிவிட்டேன். அதன் தீர்ப்பு சில நேரம் தவறாக இருக்கலாம். ஆனால் ஏன் அப்படித் தீர்ப்பளித்தது என்பதைப் பதிவேட்டில் ஒரு வரியில் படித்து நானே புரிந்துகொள்ள முடிகிறது. புரிந்ததால் திருத்த முடிகிறது. எந்த நிரல், அதன் மதிப்பெண் எவ்வளவு, எத்தனை எம்பி பிடித்திருந்தது, எத்தனை நொடியில் வெளியேறியது என்று எல்லாம் அதில் இருக்கும்.

அந்தப் பதிவேட்டை உட்கார்ந்து எண்ணினேன். அமைப்பைச் சரிசெய்த பிறகு இதுவரை 43 கொலைகள். 29 உலாவி டேப்கள், 13 டெசராக்ட், லிப்ரே ஆபிஸ் ஒன்று. உறைவு ஒன்றுமில்லை.

சில்லறைக் குறைகள். கொன்றதைத் திரையில் அறிவிக்கும் வசதி உண்டு. ஆனால் அதற்கென்று சிஸ்டம்பஸ்-நோட்டிஃபை என்ற இன்னொரு பொட்டலத்தையும் நிறுவ வேண்டும். இல்லாவிட்டால் சத்தமில்லாமல் கொல்லும், நீங்கள் நிரல்தான் பழுது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நான் ஒரு வாரம் அப்படித்தான் ஃபயர்பாக்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். அமைப்புகளை மாற்றச் சாளரமோ பொத்தானோ கிடையாது. 'எட்ஸி' அடைவில் 'டீஃபால்ட்' என்ற உள்ளடைவில் ஒரு கோப்பு, அதில் ஒரே வரி. மேற்கோள் குறி ஒன்றை விட்டுவிட்டால் சேவையே தொடங்காமல் போகலாம். தரவுத்தளம் ஓடும் சர்வரில் இதை யோசிக்காமல் நிறுவாதீர்கள். அங்கே மிகப் பெரிய ஆள் பெரும்பாலும் அந்தத் தரவுத்தளமாகத்தான் இருக்கும்.

நண்பர் ஒருவர், "கைபேசியில் 3 ஜிபிதானே இருக்கிறது, அது உறைவதில்லையே" என்று கேட்டார். அங்கேயும் இதே தொழில்தான். ஆண்ட்ராய்டில் எல்எம்கேடி என்று ஒரு சேவை பின்னணியில் இருக்கும் செயலிகளைச் சத்தமில்லாமல் முடித்துக்கொண்டே இருக்கிறது. அங்குள்ள செயலிகள் எந்த நொடியும் சாகத் தயாராக எழுதப்பட்டவை. விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு திரும்பி வரும். மேசைக்கணினி நிரல்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. உலாவி டேப்களுக்கு மட்டும் வந்திருக்கிறது.

நிறுவியவுடன் ஒரு சோதனை செய்து பாருங்கள். திறந்திருக்கும் எல்லாவற்றையும் சேமித்துவிட்டு, முனையத்தில் 'டெயில்' கட்டளைக்கு 'டெவ்' அடைவில் இருக்கும் 'ஸீரோ' கோப்பைக் கொடுங்கள். அது முடிவே இல்லாத ஒரு வரியின் முடிவைத் தேடிக்கொண்டு நினைவகத்தை விழுங்கிக்கொண்டே போகும். அமைப்பு சரியாக இருந்தால் சிறிது நேரத்தில் 'டெயில்' மட்டும் செத்து, கட்டளைக் குறி திரும்பி வரும். அமைப்புக் கோப்பை மாற்றிய பிறகு ஏர்லிஊம் சேவையை மறுபடி தொடங்கிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். நான் அதை மறந்துவிட்டு, பழைய அமைப்போடு சோதித்து, மறுபடியும் ஒரு காபி போட்டுக் குடித்தேன்.